‘ஹிரோஷிமா, நாகசாகி’: அந்த இரண்டாவது ஊரைப் பற்றி ஓர் இழை

#1 கொகுராக்காரன்

பள்ளிப் புத்தகத்தில் இந்த இரண்டு ஊரும் ஒரே மூச்சில் வந்துவிடும். ராமன் லட்சுமணன் மாதிரி. ராமனுக்குக் கதை உண்டு, லட்சுமணன் கூடவே நிற்பார். ஹிரோஷிமாவுக்கு ஒரு பத்தி, கடைசி வரியில் "மூன்று நாள் கழித்து நாகசாகியிலும்". நானும் அப்படித்தான் படித்துப் பரீட்சை எழுதினேன்.

வேலைக்காக கித்தாக்யூஷு வந்து ஆறு வருடம் ஆகிறது. பழைய கொகுரா ஊர் இப்போது இந்த நகரத்துக்குள் அடக்கம். வீட்டிலிருந்து நடக்கிற வழியில் கட்சுயாமா பூங்கா. வந்த புதிதில் அங்கே ஒரு மணியைப் பார்த்தேன். நாகசாகி நகரம் கொடுத்ததாம். நாகசாகி மணிக்கு கொகுராவில் என்ன வேலை என்று அலுவலகத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அது எங்களுக்கு வந்த குண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

உண்மைதான். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டோடு பசிபிக்கின் டினியன் தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானத்துக்கு முதல் இலக்கு கொகுரா. இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் அப்போது ராணுவத் தளவாடத் தொழிற்சாலை இருந்தது. நாகசாகி மாற்று இலக்கு, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் கோணல். புறப்படும் முன்பே ஒரு எரிபொருள் பம்பு பழுது. சுமார் 600 காலன் பெட்ரோல் தொட்டியில் இருந்தும் எடுக்க வழியில்லை, சும்மா சுமக்கத்தான் வேண்டும். விமானி சார்லஸ் ஸ்வீனி சரி பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். யாகுஷிமா தீவுக்கு மேலே துணை விமானங்கள் வந்து சேர வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று வந்தது, இன்னொன்று வரவே இல்லை. முக்கால் மணி நேரம் போனது. கொகுராவுக்கு வந்தால் கீழே மூட்டம். முந்தின நாள் பக்கத்து யஹாட்டாவில் எரிகுண்டு வீசியிருந்தார்கள், அந்தப் புகை மிதந்து வந்தது என்கிறார்கள். கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு. மூன்று முறை சுற்றினார்கள், தெரியவில்லை. பீரங்கிச் சூடும் தொடங்கிவிட்டது. தெற்கே திருப்பினார்கள்.

நாகசாகியிலும் மேகம். ஒரே ஒரு சுற்றுக்குத்தான் எரிபொருள். கடைசி நேரத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது என்று குண்டு வீசும் அதிகாரி கெர்மிட் பீஹன் சொன்னார். அன்று அவருக்கு 27-வது பிறந்தநாள். 11.02-க்கு வெடித்தது, குறி வைத்த நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி, உராகமி பள்ளத்தாக்கில் ஒரு டென்னிஸ் மைதானத்துக்கு மேலே. அந்த வருடக் கடைசிக்குள் 73,884 பேர் செத்தார்கள் என்பது நகராட்சிக் கணக்கு.

2025 ஆகஸ்டில்தான் முதல் தடவையாக நேரில் போனேன். வெடித்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கல்தூண் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் ஓடைக்கரைப் படியில் இறங்கினால் கண்ணாடிக்குப் பின்னால் அன்றைய மண்ணடுக்கை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டுச் சில்லு, செங்கல் துண்டு, உருகிய கண்ணாடி. நம் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கொல்லையில் கொட்டிய குப்பை மாதிரியே இருந்தது. நான் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கேள்வி இதுதான்: இந்த இரண்டாவது குண்டை வீச வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து முடிவு எடுத்தார்களா?

#2 புதுமுகம்27

நல்ல பதிவு அண்ணே. இரண்டு சந்தேகம். எனோலா கே விமானம்தானே இரண்டு குண்டையும் போட்டது? அப்புறம், செர்னோபில் பக்கம் இன்னும் குடியிருக்க விடுவதில்லை. இங்கே மட்டும் எப்படி டிராம் ஓடுகிறது, மக்கள் குடியிருக்கிறார்கள்?

#3 இயற்பியல் வாத்தியார்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ வகுப்பில் யாராவது ஒருவன் இதைக் கேட்டுவிடுவான்.

நாகசாகி குண்டில் இருந்த புளூட்டோனியம் சுமார் 6 கிலோ. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. அதிலும் பிளந்தது ஏறக்குறைய ஒரு கிலோதான். செர்னோபில் உலையில் இருந்த எரிபொருள் 190 டன் அளவு. அதில் மாதக்கணக்காகச் சேர்ந்த கழிவு தரையோடு தரையாகப் பத்து நாள் எரிந்து புகைந்தது. நாகசாகியில் வெடித்தது தரைக்கு 500 மீட்டர் மேலே. நெருப்புக் கோளம் மண்ணைத் தொட்டு அள்ளவில்லை, கழிவின் பெரும்பகுதி புகையோடு மேலே ஏறிப் பரவிவிட்டது. நியூட்ரான் பட்டு மண்ணிலும் இரும்பிலும் உண்டான கதிரியக்கம் சில நாளில் வெகுவாகத் தணிந்தது. அதற்காக ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கே நிஷியாமா நீர்த்தேக்கப் பக்கம் கறுப்பு மழை பெய்தது. அங்கே மண்ணில் புளூட்டோனியத் தடயத்தைப் பிற்பாடு அளந்திருக்கிறார்கள்.

ஹிரோஷிமா குண்டு துப்பாக்கி மாதிரி: ஒரு யுரேனியத் துண்டை இன்னொன்றின்மேல் சுடுவது. புளூட்டோனியத்தில் அந்த வேலை நடக்காது. அதோடு கலந்து வரும் புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்துகொண்டிருக்கும், துண்டுகள் ஒன்று சேருமுன்பே புஸ்ஸென்று போய்விடும். அதனால் உருண்டையைச் சுற்றிலும் வெடிமருந்தை வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடிக்க வைத்து, உள்நோக்கி நசுக்கினார்கள். இது வேலை செய்யுமா என்று அவர்களுக்கே சந்தேகம். அதனால்தான் ஜூலை 16-இல் பாலைவனத்தில் வெடித்துப் பார்த்தார்கள். ஹிரோஷிமா வகையைச் சோதிக்கவே இல்லை.

இன்னொன்று. நாகசாகி குண்டு 21 கிலோடன், ஹிரோஷிமாவுடையது 15 அளவு. பெரிய குண்டுக்குச் சாவு குறைவு. ஹிரோஷிமா தட்டையான ஆற்று முகத்துவாரம். நாகசாகி மலை இடுக்கு. கொன்பிரா மலை குறுக்கே நின்று பழைய நகரத்துக்குப் போன அலையைத் தடுத்தது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்கள் கதி இன்னும் மோசம், மலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

#4 டேட்டன் செல்வி

முதல் கேள்விக்குப் பதில்: நாகசாகியில் போட்டது பாக்ஸ்கார் என்ற விமானம். ஹிரோஷிமாவில் போட்ட எனோலா கே அன்றைக்கும் பறந்தது, ஆனால் வானிலை பார்க்க. கொகுராவுக்கு முன்னால் போய் "வானம் தெளிவு" என்று சொன்னதே அதுதான்! குண்டு வருவதற்குள் மூடிவிட்டது.

நான் இருப்பது ஓஹையோவில், டேட்டன் விமானப்படை அருங்காட்சியகத்திலிருந்து இருபது நிமிடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம், நுழைவு இலவசம். பாக்ஸ்கார் அங்கேதான் நிற்கிறது. பளபளவென்று அலுமினியம், கீழே நின்றால் முகம் தெரியும். மூக்கருகே ஒரு சரக்கு ரயில் பெட்டிக்குச் சிறகு முளைத்த மாதிரி படம். சால்ட் லேக்கிலிருந்து நாகசாகிக்கு ஓடுகிறதாம். விமானியாக இருந்த ஃபிரெட் பாக் பெயரை வைத்து ஒரு சிலேடை. குண்டு போட்டுவிட்டு வந்த பிறகு வரைந்தது அது. அன்று பாக் தன் விமானத்தில்கூடப் போகவில்லை. ஸ்வீனியின் விமானத்தில் அளவுக்கருவிகள் பொருத்தியிருந்ததால் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். கூடப் போன பத்திரிகையாளரே குழம்பிப்போய் வேறு விமானத்தின் பெயரை எழுதிவிட்டார்.

பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த குண்டுக்கூடு ஒன்று, தண்ணீர்த்தொட்டி மாதிரி கொழுக்மொழுக்கென்று. பிள்ளைகள் அதன்முன் நின்று போட்டோ எடுப்பார்கள். என் மாமியாரும் எடுத்துக்கொண்டார். இது என்ன என்று அப்புறம்தான் சொன்னேன். போனை வாங்கி அந்தப் படத்தை அழித்துவிட்டு, காரில் வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

#5 ஆம்பூரான்

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோமா? ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஓகினாவா தீவுச் சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது தெரியும்தானே. அடுத்து நவம்பர் 1-இல் க்யூஷுவில் தரையிறங்கத் திட்டம். நாகசாகி, கொகுரா எல்லாமே அந்தத் தீவில்தான் இருக்கின்றன. அது நடந்திருந்தால் எத்தனை லட்சம் போயிருக்கும்? ஒரு குண்டு போட்டும் ஜப்பான் வழிக்கு வரவில்லை. "அமெரிக்காவிடம் இருந்தது ஒன்றுதான், தீர்ந்துபோச்சு" என்று தளபதிகள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது விழுந்தது, ஆறாம் நாள் சரண். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

#6 கொகுராக்காரன்

ஆம்பூரான் அண்ணே, முதல் குண்டைப் பற்றி அப்படி வாதாடலாம், நானும் முழுசாக மறுக்க மாட்டேன். இரண்டாவதுக்கு அந்தக் கணக்கு பொருந்துகிறதா என்று தேதி வாரியாகப் பாருங்கள்.

உத்தரவு எழுதப்பட்டது ஜூலை 25. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் எச்சரிக்கை வந்தது மறுநாள். எச்சரிப்பதற்கு முந்தின நாளே தாள் தயார். அதில் நான்கு ஊர்: ஹிரோஷிமா, கொகுரா, நீகாட்டா, நாகசாகி. முதல் குண்டு ஆகஸ்ட் 3-க்கு மேல், அடுத்தடுத்த குண்டுகள் "தயாராக ஆக" போடலாம் என்று இருக்கிறது. அதாவது முதல் குண்டுக்குப் பிறகு பொறு, என்ன சொல்கிறார்கள் பார், அப்புறம் கேள் என்ற பேச்சே அந்தத் தாளில் இல்லை. நாகசாகி அந்தப் பட்டியலில் நுழைந்ததே கடைசி நேரத்தில். கியோட்டோ வேண்டாம் என்று போர்ச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதம் பிடித்து எடுத்துவிட்டார், வரைவில் கையால் எழுதி நாகசாகியைச் சேர்த்தார்கள்.

ஊருக்குள்ளேயே போர்க்கைதி முகாம் இருக்கிறது, என்ன செய்வது என்று பசிபிக்கிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இலக்கில் மாற்றமில்லை என்று பதில். அந்த முகாமில் டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் இருந்தார்கள், சிலர் செத்தார்கள்.

இரண்டாவது குண்டுக்கு முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 11. வானிலை கெடப்போகிறது என்று 9-க்கு இழுத்தார்கள். வாஷிங்டனைக் கேட்டு இல்லை, தீவில் இருந்தவர்களே. இதைத்தான் நான் "யார் முடிவு எடுத்தது" என்று கேட்டேன். கல்யாண மண்டபம் கிடைக்கிற தேதிக்கு முகூர்த்தத்தை மாற்றுவது போல மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மூன்று நாளில் ஜப்பான் பக்கம் என்ன நடந்தது? இயற்பியலாளர் நிஷினா ஹிரோஷிமாவுக்குப் பறந்து போய்ச் சேர்ந்ததே 8-ஆம் தேதி. அது அணுகுண்டுதானா என்று உறுதி செய்யவே அவரை அனுப்பினார்கள். அன்று இரவு சோவியத் போர் அறிவித்து நள்ளிரவு கடந்ததும் மஞ்சூரியாவுக்குள் இறங்கியது. 9-ஆம் தேதி காலை பத்தரைக்கு டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு கூடியபோது நாகசாகியில் இன்னும் குண்டு விழவில்லை. நடுவில்தான் செய்தி வந்தது. வருமுன்பு மூன்றுக்கு மூன்று, வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று. பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் தோகோ, கடற்படை அமைச்சர் யோனை, பேரரசர் நிலைத்தால் போதும், சரணடையலாம் என்று ஒரு பக்கம். மற்ற மூவர், பேரரசர் நிலைத்தால் மட்டும் போதாது, ஆயுதத்தை நாங்களே ஒப்படைப்போம், விசாரணையை நாங்களே நடத்துவோம், நாட்டை ஆக்கிரமிக்கக் கூடாது என்று நின்றார்கள். பிடிபட்ட ஓர் அமெரிக்க விமானி அடி தாங்காமல் "எங்களிடம் நூறு குண்டு இருக்கிறது" என்று அளந்துவிட்டிருந்தார். போர் அமைச்சர் அனாமி அதை அமைச்சரவையில் எடுத்துச் சொன்னார். அவரே சண்டையைத் தொடரச் சொன்ன கட்சி! ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பை உடைக்க இரண்டாவது தேவைப்பட்டது என்றால், நூறு இருக்கிறது என்று பேசியவரே மசியவில்லையே.

கடைசியில் 10-ஆம் தேதி விடிகாலை இரண்டு மணிக்குப் பேரரசர் வாய் திறந்துதான் தீர்ந்தது. நாகசாகிக்கு அதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

ட்ரூமன் நிறுத்தச் சொன்னதும் அதே 10-ஆம் தேதிதான். இனி என் நேரடி அனுமதி இல்லாமல் அணுகுண்டு கூடாது என்றார். இன்னொரு லட்சம் பேரை, அத்தனை பிள்ளைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று அவர் அமைச்சரவையில் சொன்னதாக வணிகச் செயலர் ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று எனக்குத் தோன்றும்.

#7 ஈப்போ முனியாண்டி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். 1943-இல் தோட்டத்துக்கு லாரி வந்தது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். அவருடைய அண்ணன் ஏறினார். ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை. 415 கிலோமீட்டர், காட்டை வெட்டி, கல்லை உடைத்து. மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பட்டினியிலும் போனார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பதிவேடுகூட ஒழுங்காக இல்லை. பெரிய தாத்தா எந்த மைல்கல்லில் விழுந்தார் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் "ஜப்பான்காரன் காலம்" என்றால் மரவள்ளிக்கிழங்கு, சாக்குத்துணி, அறை. குண்டு விழுந்த செய்தி தோட்டத்துக்கு வந்தபோது பாட்டி என்ன நினைத்தார் என்று கேட்டேன் ஒரு முறை. "முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றார். எந்த ஊரில் விழுந்தது, யார் செத்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கொகுராக்காரன் தம்பி எழுதியதில் குறை சொல்லவில்லை. நாள் தள்ளியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் தள்ளிய ஒவ்வொரு நாளும் மலாயாவிலும் சீனாவிலும் ஜாவாவிலும் ஆள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதையும் அந்தத் தராசில் வையுங்கள்.

#8 ஆம்பூரான்

முனியாண்டி அண்ணன் சொன்னதுக்கு மேல் நான் என்ன சொல்ல. கையெழுத்துப் போடுகிறேன்.

#9 கொகுராக்காரன்

அண்ணே, வைக்கிறேன். நாகசாகி அருங்காட்சியகத்தில் எனக்கு உறுத்தியதும் இதுதான். சுவர்க் கடிகாரம் 11.02-இல் நிற்கிறது. ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் சோற்றுப் பெட்டி இருக்கிறது, உள்ளே சோறு கரிக்கட்டை. இதையெல்லாம் தாண்டி, போர் எப்படி வந்தது என்ற பகுதிக்கு வருவதற்குள் கூட்டம் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுகிறது.

ஊருக்குள்ளேயே இதைப் பேசியவர்கள் உண்டு. மோதோஷிமா என்ற மேயர் 1988-இல், பேரரசர் மரணப் படுக்கையில் இருக்கும்போதே, போருக்கு அவருக்கும் பொறுப்பு உண்டு என்றார். 1990 ஜனவரியில் வலதுசாரி ஒருவன் அவரைச் சுட்டான், பிழைத்துக்கொண்டார். அதே ஊரில் மிட்சுபிஷி வைத்திருந்த தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் பேர்ல் ஹார்பரில் வீசிய டார்பிடோக்கள் செய்யப்பட்டன. வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்த கொரியர்கள் அங்கே வேலை செய்தார்கள், ஆயிரக்கணக்கில் குண்டுக்கு இரையானார்கள். நாகசாகி அமைதிப் பூங்காவில் தென்கொரியச் சமூகத்தார் வைத்த நினைவுக்கல் 2021-இல்தான் வந்தது.

#10 அக்னிச்சிறகு_77

பிரம்மாஸ்திரம் நம்மிடம் அப்போதே இருந்தது. ஓப்பன்ஹைமரே கீதையைச் சொல்லித்தான் குண்டு வெடித்தார், அது ஏன் யாரும் பேசவில்லை???

#11 மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, 340 பதிவு தாண்டி ஓடுகிறது. அங்கே போங்கள். கீதை வரி அவருக்கு நினைவு வந்ததாகச் சொன்னது ஜூலைச் சோதனையைப் பற்றி. இங்கே நாகசாகி மட்டும்.

#12 மணப்பாட்டுக்காரி

கொகுராக்காரன் அண்ணா, டென்னிஸ் மைதானம் என்று எழுதிவிட்டுக் கோவிலை விட்டுவிட்டீர்களே! அங்கிருந்து 500 மீட்டரில் உராகமி மாதா கோவில். எங்களுக்கு நாகசாகி என்றால் அதுதான் முதலில்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார் 1549-இல் ஜப்பானில் கால் வைத்தார். நாகசாகி துறைமுகம் போர்த்துக்கீசிய வியாபாரத்தில் வளர்ந்தது, ஒரு கட்டத்தில் சேசு சபைக்கே ஊரை எழுதிக்கொடுத்தார்கள். அப்புறம் எல்லாம் தலைகீழ். 1597-இல் 26 பேரை நிஷிசாகா மேட்டில் சிலுவையில் அறைந்தார்கள். 1614-இல் மொத்தத் தடை. வருடா வருடம் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய் மாதா படத்தையோ சேசு படத்தையோ காலால் மிதிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் பிடித்துப் போவார்கள். உராகமி மக்கள் மிதித்துவிட்டு வந்து வீட்டில் மன்னிப்புச் செபம் சொன்னார்கள். குருவானவர் இல்லாமல், கோவில் இல்லாமல், தாங்களே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு இருநூற்றைம்பது வருடம். 1865-இல் ஓஉரா கோவிலுக்கு ஒரு பிரெஞ்சுக் குரு வந்திருப்பது தெரிந்து சிலர் போய், மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடையாளம் காட்டிக்கொண்டதற்கு மறுபடியும் தண்டனை. 3,400 பேர் அளவில் நாட்டுக்குள்ளேயே வெவ்வேறு பகுதிகளுக்குக் கடத்தினார்கள். 1873-இல் தடை நீங்கித் திரும்பி வந்தவர்கள், காலால் மிதிக்க வைத்த அந்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே வாங்கி அதில் கோவில் கட்டினார்கள். ஏழைச் சனம், 1895-இல் தொடங்கி 1914 ஆனது. இரட்டைக் கோபுரம் 1925-இல்தான் முடிந்தது. இருபது வருடம் நின்றது.

ஆகஸ்ட் 15 மாதா திருநாள். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். உள்ளே இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. உராகமியில் சுமார் 12,000 கத்தோலிக்கர், 8,500 பேர் போனார்கள். குண்டைக் கொண்டுவந்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான் என்று எங்கள் பங்கில் ஒரு வயதானவர் சொல்வார். அதற்கு நான் என்ன சொல்ல?

இதற்குள்ளும் ஒரு சண்டை இருக்கிறது. மனைவியைப் பறிகொடுத்த மருத்துவர் நாகாய், அந்த நவம்பர் நினைவுத் திருப்பலியில், உராகமி கடவுள் தேர்ந்துகொண்ட எரிபலி என்று பேசினார். சாம்பலில் மனைவியின் எலும்போடு செபமாலையையும் எடுத்தவர் அவர், அவரை எப்படிக் குறை சொல்வது. ஆனால் கடவுள் சித்தம் என்று சொன்னபின் யாரிடம் நியாயம் கேட்பது? "ஹிரோஷிமா கோபப்படும், நாகசாகி செபிக்கும்" என்று ஜப்பானில் ஒரு வழக்கே உண்டாகிவிட்டது. நகரத்தில் வேறு சிலர், சுவா ஷிண்டோ கோவில் தெய்வம் பழைய நகரைக் காப்பாற்றியது, அந்நிய சாமியைக் கும்பிட்டவர்கள் தலையில் விழுந்தது என்றும் பேசினார்கள். 1981-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஹிரோஷிமாவில் "போர் மனிதனின் செயல்" என்று சொன்ன பிறகுதான் உராகமியில் பலருக்கு வாய் திறந்தது. நாகசாகி இரண்டாவது பெயராகவே நின்றதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

#13 டேட்டன் செல்வி

அந்தக் கோவிலின் இடிபாடு இப்போது இருக்கிறதா? ஹிரோஷிமாவில் அந்த எலும்புக்கூடு மண்டபத்தை வைத்திருக்கிறார்களே.

#14 மணப்பாட்டுக்காரி

இல்லை செல்வி அக்கா. 1958-இல் இடித்துவிட்டார்கள். முதலில் வைத்துக்கொள்ளலாம் என்ற மாதிரி இருந்த மேயர், அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்தோடு சகோதர நகர ஒப்பந்தம் ஆகி, அங்கே சுற்றுப்பயணம் போய்வந்தபின் மாறிவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். நகரசபை எதிர்த்தது. ஆனால் ஆயரும் அதே மனையில்தான் கோவில் வேண்டும் என்றார். மிதி வாங்கிய மனை அல்லவா, விட முடியுமா. ஒரு துண்டுச் சுவரை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய் அந்தக் கறுப்புத் தூண் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உலகத்துக்கு ஹிரோஷிமா மண்டபம் மனதில் நிற்கிறது, நாகசாகிக்கு அப்படி ஒரு படம் இல்லாமல் போனது.

#15 யாழ் வண்டு

இன்னொரு விசயம் சொல்ல வேணும், இது பலருக்குத் தெரியாது. குண்டு பட்டவர்களை ‘ஹிபாகுஷா’ என்று அரசு அங்கீகரித்து மருத்துவ அட்டை கொடுக்கிறது. நாகசாகியில் அதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வட்டம் இல்லை. வடக்குத் தெற்காக 12 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 7 கிலோமீட்டர். பழைய நகர எல்லையை வைத்துப் போட்ட கோடு. காற்றுக்கும் சாம்பலுக்கும் நகர எல்லை தெரியுமோ? கோட்டுக்கு வெளியே கிழக்குக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள்: குண்டை ‘அனுபவித்தவர்கள்’. பட்டவர்கள் வேறு, அனுபவித்தவர்கள் வேறு!

ஹிரோஷிமாவில் கறுப்பு மழை நனைந்தவர்கள் வழக்குப் போட்டு வென்றபிறகும் நாகசாகிக்கு அது பொருந்தாது என்றார்கள். 2024 செப்டம்பரில் நாகசாகி நீதிமன்றம் 44 பேர் வழக்கில் 15 பேரை மட்டும் ஏற்றது. ஒரே ஊர்க்காரர், ஒரே வானம், பக்கத்துக் கிராமம், அதற்குள் இவருக்கு உண்டு அவருக்கு இல்லை. எங்கட பக்கத்தில் இழப்பீட்டுப் படிவத்தோடு அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்த ஆட்களுக்கு இது விளங்கும். 2025 மார்ச்சில் இரண்டு ஊருக்கும் சேர்த்து அட்டை வைத்திருப்போர் எண்ணிக்கை முதல் தடவையாக ஒரு லட்சத்துக்குக் கீழே, 99,130. சராசரி வயது 86 தாண்டிவிட்டது.

2024 நோபல் அமைதிப் பரிசு வாங்கிய ஹிதான்க்யோ அமைப்பு 1956-இல் தொடங்கியதும் நாகசாகியில்தான். ஒஸ்லோவில் பேசிய தனாகா தெருமி ஐயா நாகசாகிக்காரர், குண்டு விழுந்த அன்று 13 வயது. செத்தவர்களுக்கு ஜப்பான் அரசு இன்றுவரை இழப்பீடு தரவில்லை என்று சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்த உரையை விட்டு விலகி, அதையே இன்னொரு தரம் சொன்னார்.

#16 புதுமுகம்27

இரண்டு குண்டிலும் தப்பித்த ஒரே மனிதர் என்று ஒருவரைப் பற்றி வீடியோ பார்த்தேன். நிஜமா?

#17 கொகுராக்காரன்

நிஜம், "ஒரே" என்பது மட்டும் தப்பு. யமகுச்சி த்சுதோமு. மிட்சுபிஷியில் கப்பல் வரைபடம் போடுபவர், வேலையாக ஹிரோஷிமா போயிருந்தார். உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ரயில் பிடித்து ஊர் திரும்பி, 9-ஆம் தேதி காலை அலுவலகத்துக்கே போய்விட்டார். ஒரே குண்டில் ஒரு நகரமே எப்படிப் போகும், கணக்குத் தெரிந்தவன்தானே நீ என்று மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் அதே வெளிச்சம். இரண்டிலும் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். இரண்டுக்கும் சேர்த்து அரசுப் பதிவு கிடைத்தது இவருக்கு, அதுவும் 2009-இல். மறு வருடம் ஜனவரியில் 93 வயதில் இறந்தார்.

விடுப்புக் கேட்காமல் 9-ஆம் தேதி வேலைக்குப் போனாரே, அதில்தான் எனக்கு ஜப்பான் முழுசாகத் தெரிகிறது.

#18 மணப்பாட்டுக்காரி

அண்ணா, 2025 ஆகஸ்டில் போனீர்களே, மணி கேட்டீர்களா?

#19 கொகுராக்காரன்

கேட்டேன் தங்கச்சி. கோவிலுக்கு இரண்டு கோபுரம், இரண்டு மணி இருந்தன. ஒன்று இடிபாட்டில் முழுசாகக் கிடைத்தது, அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கே கட்டி அடித்தார்கள். மற்றது நொறுங்கிவிட்டது. அந்தக் கோபுரம் வெறுமையாகவே இருந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராக இருந்தவரின் பேரன் ஒருவர், அமெரிக்காவில் பேராசிரியர், அங்குள்ள கத்தோலிக்கர்களிடம் பணம் திரட்டிப் புதிய மணி செய்து கொடுத்தார்.

காலையிலிருந்து கொட்டோகொட்டென்று மழை. நான் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் விட்டது. 11.02-க்கு இரண்டும் சேர்ந்து அடித்தன. ஒன்றின் சத்தம் கொஞ்சம் முந்தும், மற்றது பிந்தும். கடைக்காரம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். முடிந்ததும் குடையை உதறி மடக்கி எனக்கு வழி விட்டார்.

உள்ளே போனால் மாதாவின் தலை மட்டும் ஒரு சின்ன ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள். மரம். கண்ணாடிக் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி, கன்னத்தில் கருகல். படம் எடுக்கவில்லை.

#20 புதுமுகம்27

அடுத்த மாதம் ஃபுகுஓகா வருகிறேன் அண்ணே, ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் போவது?

#21 கொகுராக்காரன்

ஹகாட்டா நிலையத்தில் ஏறி தகேயோ ஒன்சென் வரை ஒரு ரயில், இறங்கி எதிர் பிளாட்பாரத்திலேயே புல்லட் ரயில் நிற்கும். காலையில் கிளம்பினால் தூண், அருங்காட்சியகம், கோவில் மூன்றையும் டிராமிலும் நடையிலுமாகப் பார்த்துவிடலாம். சன்னோ கோவிலின் ஒற்றைக்கால் வளைவையும் விடாதே. ஒரு கால் போய், மற்ற காலில் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் கருகிப்போய்த் திரும்பத் தளிர்த்த கற்பூர மரங்கள்.

திரும்பும்போது காஸ்டெல்லா கேக் வாங்கு, போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. நான் எங்கள் அலுவலகப் பெரியவருக்கு ஒரு பெட்டி வாங்கிவந்தேன். பிரித்து எல்லார் மேசைக்கும் ஒரு துண்டு வைத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன், சர்க்கரை வியாதி என்றார்.